'அப்புறம் வா' என்ற பதிலுக்கும் விலை உண்டு

மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனை ஆலை. அங்கே எடைப்பாலத்துக் கணினியைச் சரிசெய்யப் போனேன். ஒரு வாரத்தில் முடியவேண்டிய வேலை ஐந்து வாரம் இழுத்தது, கையை விட்டு 1,160 வெள்ளி போனது. வன்பொருள் கெட்டதால் அல்ல. 'நான்பிளாக்கிங்', அதாவது தரவு இல்லாவிட்டால் காத்திருக்காமல் உடனே திரும்பிவிடும் முறை, என்றால் வேகம் என்று நினைத்ததால். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1999-இல் டான் கெகல் என்ற நிரலாளர் எழுப்பிய கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள்: ஒரே கணினி பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குமா? நல்ல கேள்விதான். ஆனால் 34 லோரியும் ஒரு தராசும் வைத்திருக்கிறவன் அதே மருந்தைக் குடித்தால் என்ன ஆகும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதற்காகத்தான் இது.

முதலில் அமைப்பு. குலை ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஓர் எடை, கொட்டிவிட்டு வெறுமையாகப் போகும்போது ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் தோட்டத்துக்குப் பணம். தராசின் காட்டி ஆர்எஸ்-232 கம்பி வழியாக, 9600 பாட் வேகத்தில், வினாடிக்கு 10 வரி அனுப்பும். ஒரு வரி, கடைசியில் வரி முடிவைக் காட்டும் சிஆர், எல்எஃப் இரண்டையும் சேர்த்து 18 எழுத்து. அதை யூஎஸ்பி மாற்றி வழியாக ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னப் பலகைக் கணினி வாங்கிக்கொள்கிறது. அதே பலகைக்கு 34 லோரிகளின் ஜிபிஎஸ் பெட்டிகளும் கைத்தொலைபேசி அலைவரிசை வழியாக 10 வினாடிக்கு ஒருமுறை தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்கின்றன. எல்லாம் எஸ்டி கார்டில் ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்குள் போகும். எடைப்பாலத்துக் குமாஸ்தாவான கிராணியின் திரையில் எடை தெரியும், அவர் பொத்தானை அழுத்தினால் சீட்டு அச்சாகும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் அவித்துவிடப் பார்ப்பார்கள். தாமதமானால் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறும், கச்சாச் செம்பனை எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் தரம் போச்சு. ஆகவே தராசில் வரிசை நின்றால் ஓட்டுநர் முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் கோபம் வரும்.

பழைய நிரல் சாதாரணமானது. ஒரு லோரி இணைப்புக்கு ஒரு திரெட், அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை, அதிகபட்சம் 64 திரெட். ஒவ்வொன்றும் 'ரீட்' என்று கேட்டுவிட்டுத் தரவு வரும்வரை தூங்கும். காலையில் நன்றாக ஓடும், நண்பகலுக்குள் புது லோரி எதுவும் இணைய முடியாமல் போகும். நிறுத்தி ஓட்டினால் மறுபடி சரி. 'தூங்கும் ரீட்தான் குற்றவாளி, எல்லாவற்றையும் நான்பிளாக்கிங் ஆக்கிவிட்டால் தீர்ந்தது' என்று முடிவு கட்டியாயிற்று. நோயை விசாரிக்காமலே மருந்தைத் தீர்மானித்ததுதான் முதல் தவறு. உண்மையான காரணம் ஐந்தாவது வாரத்தில்தான் பிடிபட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் மாற்று நிரலில் தராசின் சீரியல் போர்ட், இணைப்புகளை ஏற்கும் சாக்கெட் (வலை இணைப்பின் முனை), 34 லோரி சாக்கெட் என மொத்தம் 36 கோப்புக் கைப்பிடிகள், அதாவது திறந்த ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் தரும் எண்கள். எல்லாவற்றுக்கும் 'எஃப்கன்ட்ரோல்' மூலம் ஓ_நான்பிளாக் கொடி வைத்து, ஒரு சுழலுக்குள் வரிசையாக ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தேன். தரவு இருந்தால் வரும். இல்லையென்றால் கெர்னல் உடனே கழித்தல் 1 கொடுத்து, பிழை எண்ணில் ஈஅகெய்ன் என்று வைக்கும். 'இப்போ ஒன்னுமில்ல, அப்புறம் வா' என்று அதற்குப் பொருள். லினக்ஸில் அந்த எண் 11. எழுதி முடித்த அன்றே, கணினியின் உழைப்பைக் காட்டும் 'டாப்' கட்டளையில் ஒரு கோர் முழுசாக 100 விழுக்காடு. அதில் பயனர் பங்கு கொஞ்சம்தான், பெரும்பகுதி 'எஸ்ஒய்' என்ற கெர்னல் பங்கு. அந்த எண் அப்படி வீங்கியிருந்தால், உங்கள் நிரல் வேலை செய்யவில்லை, கெர்னல் வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த நடையின் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே விட்டிருப்பேன். 9600 பாட் வேகத்தில், ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட், நிறுத்த பிட் சேர்த்து 10 பிட். ஆக வினாடிக்கு 960 எழுத்து, ஓர் எழுத்துக்கு 1.04 மில்லி வினாடி. ஒரு சிஸ்டம் கால், அதாவது நிரல் கெர்னலிடம் கேட்கும் அழைப்பு, போய்த் திரும்ப ஒரு மைக்ரோ வினாடியோ அதற்கும் குறைவோ ஆகும். ஆக ஒரே ஓர் எழுத்து வந்து சேருவதற்குள் ஆயிரம் தடவை போய்க் கேட்டு ஆயிரம் தடவையும் 'அப்புறம் வா' வாங்கி வரலாம். உருப்படியான தரவு எவ்வளவு? தராசிலிருந்து வினாடிக்கு 10 வரி. 34 லோரியும் 10 வினாடிக்கு ஒருமுறை என்றால் வினாடிக்கு 3.4 செய்தி. இரண்டையும் சேர்த்தால் வினாடிக்கு ஏறக்குறைய 14 முறை படித்தால் போதும். அந்த 14-க்காகப் பல லட்சம் அழைப்புகள். சம்பளம் வந்ததா என்று லயத்துக்கும் ஆபீசுக்கும் நாள் முழுக்க நடந்தவனுக்கு முழங்கால்தான் தேயும், சம்பளம் முன்கூட்டி வராது.

இதை நேரில் பார்க்க, சிஸ்டம் கால்களை வேவுபார்க்கும் 'ஸ்ட்ரேஸ்' கருவியை மைனஸ் சி தெரிவோடு ஓடும் நிரலில் ஒட்டவைத்து 10 வினாடி விட்டு நிறுத்துங்கள். எந்த அழைப்பு எத்தனை தடவை, அதில் எத்தனை பிழையில் முடிந்தது என்று அட்டவணை வரும். 'ரீட்' வரியில் அழைப்பு எண்ணிக்கையும் பிழை எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நோய் அதுதான். ஒரு எச்சரிக்கை: ஸ்ட்ரேஸ் ஒவ்வொரு அழைப்பிலும் நிரலை நிறுத்தி நிறுத்தி விடுவதால் அது காட்டும் எண் உண்மையைவிடக் குறைவு. விகிதத்தை நம்புங்கள், எண்ணை நம்பாதீர்கள்.

எடைப்பாலத்துக் குடிசைக்குத் தகரக் கூரை, பலகை மூடிய பெட்டிக்குள். இரண்டு மணி வெயிலில் பலகையின் சூடு 80 டிகிரியைத் தொட்டது. பை 4 அந்த அளவில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதனால் கிராணியின் திரையும் சேர்ந்து நகர மறுத்தது. பலகைதான் பழுது என்று நினைத்து அலுமினியப் பெட்டியும் விசிறியும் 95 வெள்ளிக்கு, இரண்டாவது பலகை 380 வெள்ளிக்கு, நல்ல யூஎஸ்பி மாற்றி ஒன்று 85 வெள்ளிக்கு வாங்கினேன். மூன்றும் தேவையில்லை. வாங்கும் முன், பலகையின் நிலையைச் சொல்லும் 'விசிஜென்கமாண்ட்' கட்டளை கொண்டு சூட்டையும் 'கெட் த்ராட்டில்ட்' பதிலையும் பார்த்திருக்க வேண்டும். சூட்டால் வேகம் குறைந்தது என்று பதில் வந்தால், 'ஏன் சூடு?' என்று கேட்க வேண்டுமே தவிர 'எவ்வளவு பெரிய விசிறி?' என்று அல்ல.

பிறகு சுழலுக்குள் ஒரு மில்லி வினாடித் தூக்கம் போட்டேன். சூடு இறங்கியது, நிம்மதி. ஆனால் கணக்கு இன்னும் அசிங்கம்தான்: வினாடிக்கு ஆயிரம் சுற்று, சுற்றுக்கு 36 அழைப்பு, மொத்தம் 36,000. தூக்கத்தை 10 மில்லி வினாடி ஆக்கினால் 3,600. அப்போதும் 14-க்குத்தான் பயன். தூக்கத்தைக் கூட்டினால் தாமதம் கூடும், குறைத்தால் வீண் நடை கூடும். இந்த இழுபறிக்குள் நல்ல எண் என்று ஒன்று இல்லவே இல்லை. இரண்டு நாள் தேடியவன் சொல்கிறேன்.

நடுவில் ஒரு தொல்லை, சின்னதுதான், ஆனால் ஒரு இரவைத் தின்றது. ஓ_நான்பிளாக் கொடி உங்கள் கைப்பிடி எண்ணில் ஒட்டுவதில்லை, அதற்குப் பின்னால் கெர்னல் வைத்திருக்கும் திறந்த கோப்பின் விவரத்தில் ஒட்டுகிறது. அதை ஃபோர்க் (நிரலைப் படியெடுப்பது) மூலமோ டூப் (கைப்பிடியைப் படியெடுப்பது) மூலமோ பகிர்ந்த எல்லாருக்கும் கொடி பொருந்தும். சோதனைக்காக ஸ்டாண்டர்டு இன்புட்டையும் (டெர்மினலில் தட்டுவது வரும் வழி) நான்பிளாக்கிங் ஆக்கியிருந்தேன். நிரல் செத்த பிறகும் கொடி அங்கேயே இருக்க, அதே டெர்மினலில் அடுத்து ஓட்டிய நிரல் 'வளம் தற்காலிகமாகக் கிடைக்கவில்லை' என்று சொல்லிச் சுருண்டது. அதற்கும் வன்பொருளைத்தான் சந்தேகப்பட்டேன். நீங்கள் திறக்காத கைப்பிடிக்கு இந்தக் கொடியை வைக்காதீர்கள், வைத்தால் வெளியேறும் முன் பழையபடி மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் வாரம் ஈபோலுக்கு மாறினேன். இது லினக்ஸ் 2.6 காலத்திலிருந்து இருப்பது. எந்தக் கைப்பிடிகளைக் கவனிக்க வேண்டும் என்று ஒருமுறை பதிந்துவிட்டால், ஏதாவது ஒன்றில் தரவு வரும்வரை ஈபோல்_வெயிட் தூங்கும், வந்ததும் எது எது தயார் என்று பட்டியல் கொடுக்கும். கவனியுங்கள்: ஈபோல்_வெயிட்டும் தூங்கும் அழைப்புதான்! ஓடிப்போன இடத்துக்கே திரும்பி வந்திருந்தேன், வாசல் மட்டும் வேறு. இது புரிய இன்னும் நாளானது.

ஈபோலிலும் முதல் நாள் 100 விழுக்காடு. காரணம், எல்லாச் சாக்கெட்டுக்கும் படிக்கும் ஆர்வத்தோடு எழுதும் ஆர்வத்தையும், அதாவது ஈபோல்அவுட்டையும், சேர்த்துப் பதிந்ததுதான். அனுப்பும் இடையகத்தில், அதாவது போகவேண்டிய தரவு காத்திருக்கும் இடத்தில், இடம் இருக்கும்வரை சாக்கெட் எப்போதும் எழுதத் தயார்தான். ஆகவே ஈபோல்_வெயிட் ஒரு கணமும் தூங்காமல் '34-ம் தயார், 34-ம் தயார்' என்று திரும்பிக்கொண்டே இருந்தது. எழுதுவதற்கு முறை இதுதான்: முதலில் நேராக எழுதிப் பாருங்கள். முழுதும் போகாமல் பாதியில் நின்றால் மட்டும் மிச்சத்தை வைத்துக்கொண்டு ஈபோல்அவுட்டைச் சேருங்கள். மிச்சம் போனதும் எடுத்துவிடுங்கள்.

தராசின் போர்ட்டுக்கு இந்தச் சமயத்தில் ஒரு நல்ல காரியம் செய்தேன். எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சேர்க்காமல், டெர்மினல் அமைப்பில் ஐகேனான் கொடியைப் போட்டு வரி முறைக்கு மாற்றி, சிஆர் எழுத்தை ஒதுக்க இக்ன்சிஆர் கொடியையும் சேர்த்தேன். அப்போது முழு வரி சேர்ந்த பிறகுதான் கெர்னல் எழுப்பும், ஒரு ரீட்டுக்கு ஒரு வரி. எழுத்துக்கு ஒரு தடவை விழிக்காமல் வரிக்கு ஒரு தடவை விழிக்கலாம். கூட்டிச் சேர்க்கும் வேலையைக் கெர்னல் உங்களைவிட மலிவாகச் செய்யும். இக்ன்சிஆருக்குப் பதில், சிஆரை எல்எஃப் ஆக மாற்றும் ஐசிஆர்என்எல் போட்டால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வெற்று வரி கூடவே வரும், ஜாக்கிரதை.

ஆனால் அதோடு எட்ஜ் டிரிகர் முறையையும் சேர்த்துவிட்டேன். 'அதுதான் வேகம்' என்று எங்கோ படித்த நினைவு. சாதாரண லெவல் முறையில், படிக்க மிச்சம் இருக்கும்வரை ஈபோல் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். எட்ஜ் முறையில் புதிதாக ஏதாவது வரும்போது மட்டும் ஒருமுறை சொல்லும், மிச்சத்தைப் பற்றிப் பேசாது. ஆகவே ஈஅகெய்ன் வரும்வரை வடித்துப் படித்தே ஆகவேண்டும். சாக்கெட்டுகளுக்கு அப்படி எழுதியிருந்தேன். தராசுக்கு மட்டும், வரிக்கு ஒரு அறிவிப்பு, அறிவிப்புக்கு ஒரு ரீட் என்று விட்டுவிட்டேன். இரண்டும் சமம்தானே என்று கணக்கு.

விளைவு என்ன தெரியுமா? காலை ஏழு மணிக்கு எடை சரியாக இருக்கும். பத்து மணிக்கு, லோரி ஏறிய பிறகு எண் ஏற இரண்டு வினாடி ஆகும். மதியம் மூன்றுக்குப் பத்து வினாடிக்கு மேல். நிறுத்தி ஓட்டினால் மறுபடி காலைபோலச் சரி. கிராணி அண்ணன் கூப்பிட்டார்: "தம்பி, லோரி எறங்கிப் போயாச்சு, எடை இன்னும் அப்படியே நிக்குது. பேய் ஏறி நிக்குதா தராசுல?" சிரித்துவிட்டு வைத்தேன். மறுநாள் சிரிப்பு நின்றது. அடுத்த லோரிக்கு முந்தைய லோரியின் எடையோடு ஒரு சீட்டு அச்சாகிவிட்டது. இரண்டரை டன் வித்தியாசம். தோட்டத்துக் குத்தகைக்காரர் நேரில் வந்து நின்றார். அன்றைக்கு அந்தக் குடிசையில் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் கூலியில் 600 வெள்ளி பிடித்ததை நியாயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நடந்தது இதுதான். நிரல் வேறு ஏதோ வேலையில் 3 வினாடி மாட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். அதற்குள் தராசு 30 வரி அனுப்பிவிடும், அவை கெர்னலின் டெர்மினல் இடையகத்தில் காத்திருக்கும். நிரல் திரும்பி வந்ததும் எட்ஜ் முறை ஒரே ஒரு அறிவிப்பு கொடுக்கும், முப்பதும் அதில் அடக்கம். நிரல் ஒரு வரி படிக்கும். அடுத்த வரி வரும்போது அடுத்த அறிவிப்பு, அடுத்த ஒரு ரீட். ஆனால் கையில் கிடைப்பது 29 வரிக்கு முந்தைய எடை. அந்த 29 எப்போதும் குறையவே குறையாது. அடுத்த தடங்கலில் இன்னும் கூடும். அந்த இடையகம் 4096 எழுத்து. வினாடிக்கு 180 எழுத்து என்றால் ஏறக்குறைய 23 வினாடி பழைய எடை அதற்குள் உட்கார்ந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க வழி எளிது: 'ஐஆக்டில்' அழைப்பில் ஃபியோன்ரீட் கேட்டால் எத்தனை எழுத்து காத்திருக்கிறது என்று சொல்லும். ஒவ்வொரு ரீட்டுக்குப் பிறகும் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இங்கே 1,900-ஐத் தாண்டியிருந்தது.

இதற்கு இரண்டு திருத்தம். தராசை லெவல் முறைக்கு மாற்றியது ஒன்று, மிச்சம் இருக்கும்வரை அதுவே திரும்பத் திரும்ப எழுப்பி வடித்துவிடும். இரண்டாவது அதைவிட முக்கியம்: ஒவ்வொரு எடைக்கும் அது வந்த நேரத்தைக் குறித்து, வடித்ததில் கடைசி வரியை மட்டும் திரைக்கு அனுப்புவது, ஒரு வினாடிக்குமேல் புது வரி வராவிட்டால் எண்ணுக்குப் பதில் கோடுகள் காட்டி அச்சுப் பொத்தானைப் பூட்டுவது. பணத்துக்கு எடை போடும் எந்த இடத்திலும் பழைய எண்ணைவிட வெறும் கோடு மேல்.

சரி, அந்த 3 வினாடித் தடங்கல் எங்கிருந்து வந்தது? பலரும் வழுக்கி விழும் இடம் இது. சாதாரணக் கோப்புக்கு ஓ_நான்பிளாக் போட்டால் லினக்ஸ் அதைச் சட்டையே செய்யாது. வட்டிலிருந்து படிக்கும்போதோ எழுதும்போதோ நிரல் காத்திருக்கும், கொடி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஈபோலுக்கு முந்தைய அதே வகை அழைப்புகளான 'செலக்ட்', 'போல்' இரண்டும் கோப்பு எப்போதும் தயார் என்றே சொல்லும். ஈபோல் கொஞ்சம் நேர்மை, சாதாரணக் கோப்பைப் பதியப் போனால் ஈபெர்ம் ('அனுமதியில்லை') என்று முகத்தில் அடித்துத் திருப்பிவிடும். இங்கே ஒவ்வொரு ஜிபிஎஸ் செய்திக்கும் எஸ்கியூலைட் ஒரு கமிட் (பதிவை உறுதிசெய்வது), கமிட்டுக்கு எஃப்சிங்க் (அது கார்டில் ஏறும்வரை காத்திருக்கும் அழைப்பு). வினாடிக்கு 3.4 கமிட். எஸ்டி கார்டு உள்ளுக்குள் பக்கங்களை அழித்து ஒழுங்குபடுத்தும் நேரத்தில் ஒரு எஃப்சிங்க் ஒரு வினாடிக்கு மேலும் இழுக்கும். அந்த நேரம் முழுக்க ஒரே சுழல், ஒரே திரெட், 36 பேரும் வெளியே நிற்கிறார்கள். பழைய திரெட் நிரலில் ஒருவன் மாட்டினால் ஒருவன்தான் நிற்பான். எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது நான் செய்த வேலை.

இன்னொரு தடங்கல் பெயர் தேடுவது. தலைமையகத்துக்குத் தகவல் அனுப்ப, கெட்அட்ரஇன்ஃபோ கொண்டு முகவரி கேட்கிறோம். அந்த அழைப்பு பதில் வரும்வரை தூங்கும், ஓ_நான்பிளாக் கொடி அதற்கு உதவாது. அலைவரிசை விழுந்த நேரத்தில் ஒரு முயற்சிக்கு 5 வினாடி, இயல்பாக 2 முயற்சி. ஸ்ட்ரேஸை மைனஸ் டி பெரிய எழுத்துத் தெரிவோடு ஓட்டினால் ஒவ்வொரு அழைப்பும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று வரியின் கடைசியில் வரும். அதில் அரை வினாடிக்கு மேல் போனவற்றை மட்டும் பொறுக்கினால் குற்றவாளிகள் வரிசையாக நிற்பார்கள். ஒரே சுழலுக்குப் பேர்போன நோட் ஜேஎஸ்-கூட இதைத் தன் சுழலில் செய்வதில்லை, அடியில் இருக்கும் லிப்யூவி நிரலகம் கோப்பு வேலையையும் கெட்அட்ரஇன்ஃபோவையும் இயல்பாக 4 திரெட்டுள்ள ஒரு கூட்டத்திடம் தள்ளிவிடுகிறது. பெரியவர்களே திரெட் வைத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் திரெட் கூடாது என்று விரதம் இருந்தேன்.

தீர்வு: எழுதுவதற்கென்று ஒரு தனித் திரெட், அதற்கு ஆயிரம் இடமுள்ள ஒரு வரிசை. ஜிபிஎஸ் செய்திகளை 30 வினாடிக்கு ஒருமுறை ஒரே கமிட்டாக, ஏறக்குறைய 102 பதிவுகளைச் சேர்த்து எழுதினேன். சீட்டுப் பதிவு மட்டும் உடனே கமிட், உடனே எஃப்சிங்க். வரிசை நிரம்பினால் ஜிபிஎஸ் புள்ளியை விடலாம், சீட்டை விடக்கூடாது. தலைமையகத்துக்கு அனுப்புவது வேறொரு திரெட்டில். எஃப்சிங்க் வினாடிக்கு மூன்றிலிருந்து அரை நிமிடத்துக்கு ஒன்றானது. கார்டின் ஆயுளுக்கும் அது நல்லது.

தடங்கல் போய், தினமும் நிறுத்தி ஓட்டும் தேவையும் போனது. ஐந்தாவது நாள் மறுபடி 100 விழுக்காடு! உண்மையிலேயே அழுகை வந்தது. இப்போது ஸ்ட்ரேஸில் 'அக்செப்ட்' அழைப்பு ஈஎம்ஃபைல் பிழையோடு ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடி எண்ணிக்கைக்கு இயல்பான வரம்பு 1024, அது தீர்ந்துவிட்டது. புது இணைப்பை ஏற்க முடியவில்லை, ஏற்காததால் வாசலில் ஆள் நிற்பதாக ஈபோல் விடாமல் எழுப்புகிறது. 34 லோரிக்கு 1024 எப்படித் தீரும்? லோரி குன்றுக்குப் பின்னால் போனால் அலைவரிசை விழும். ஜிபிஎஸ் பெட்டி சொல்லாமல் கொள்ளாமல் துண்டித்துக்கொண்டு, வெளியே வந்ததும் புதிதாக இணைக்கும். பழைய சாக்கெட் இந்தப் பக்கம் உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு கிடக்கும், ஏனென்றால் நாம் அதற்கு ஒன்றும் அனுப்புவதில்லை, இறந்தது தெரிய வழியில்லை. லோரிக்கு நாளைக்கு ஆறு தடவை என்றால் 34 லோரிக்கு 204. ஐந்து நாளில் 1024.

இதே பிணங்கள்தான் பழைய நிரலில் 64 திரெட்டையும் நண்பகலுக்குள் அடைத்தவை. நான்பிளாக்கிங் ஆக்கியதால் தீர்ந்தது ஒன்றுமில்லை, அரை நாள் நோய் ஐந்து நாள் நோயானது, அவ்வளவுதான். மருந்து நான்கு வரி: மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் டிசிபி கீப்அலைவை ஓட்டி, சும்மா இருக்கும் நேரம் 60 வினாடி, இடைவெளி 10, முயற்சி 6. இரண்டு நிமிடத்தில் இறந்த இணைப்பு கழன்றுவிடும். கீப்அலைவ் தானாக ஓடாது, ஓட்டிவிட்டாலும் லினக்ஸின் இயல்பு எண்கள் 7200, 75, 9. ஆக 2 மணி 11 நிமிடம் ஆகும், எண்ணை மாற்றாமல் விட்டால் பயனில்லை. திரெட் நிரலாக இருந்தால் சாக்கெட்டுக்கு எஸ்ஓ_ஆர்சிவிடைம்ஓ வழியாக 60 வினாடிக் கெடு வைத்தாலே போதும். பழைய நிரலில் ஒரு மாலையில் முடிந்திருக்கும் வேலை.

அப்படியென்றால் நான்பிளாக்கிங் வீணா? இல்லை. எண்ணிப் பார்க்க வேண்டும். காத்திருந்து படிக்கும் திரெட்டில் ஒரு செய்திக்கு ஒரு சிஸ்டம் கால். ஈபோல் லெவல் முறையில் வெயிட் ஒன்று, ரீட் ஒன்று, ஆக இரண்டு. எட்ஜ் முறையில் வடித்து முடிக்கும் வெற்று ரீட்டும் சேர்ந்து மூன்று. சாக்கெட்டில் கேட்ட அளவைவிடக் குறைவாக வந்தால் மூன்றாவதைத் தவிர்க்கலாம். எங்கள் வினாடிக்கு 14 செய்திக்கு அது 14, 28, 42. எதுவானாலும் பொருட்டில்லை. ஆயிரக்கணக்கில் இணைப்புகள் ஒரே நேரத்தில் சுறுசுறுப்பாக இருக்கும்போதுதான் கதை மாறும்: ஒரு ஈபோல்_வெயிட் 50, 60 தயார் கைப்பிடிகளை ஒன்றாகக் கொடுக்கும், அதன் செலவு அத்தனை பேருக்கும் பங்காகும், திரெட் மாற்றும் செலவும் மிச்சம். 'செலக்ட்', 'போல்' இரண்டும் அங்கே உதவாது. ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலையும் கொண்டுபோய்த் துழாவும், செலக்ட்டுக்கு 1024 என்ற கூரையும் உண்டு. 2018 ஜனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன் ஓட்டைக்குப் போட்ட ஒட்டுக்குப் பிறகு பழைய இன்டெல் கணினிகளில் ஒவ்வொரு சிஸ்டம் காலும் இன்னும் விலை கூடியது. அங்கே வீண் 'அப்புறம் வா' இன்னும் உறைக்கும். 2019-இல் லினக்ஸ் 5.1-இல் வந்த ஐஓ_யூரிங் பல வேலைகளை ஒரே அழைப்பில் ஒப்படைக்க விடுகிறது, சாதாரணக் கோப்புக்கும் வேலை செய்கிறது. பெரிய வட்டுச் சர்வருக்கு அது சரி. எடைப்பாலத்துக் குடிசைக்கு வேண்டாம்.

திரெட்டுக்குப் பயப்படுகிறவர்கள் சொல்லும் நினைவகக் கணக்கும் பாதி பொய். ஒரு திரெட்டுக்கு 8 எம்பி அடுக்கு, 64 திரெட்டுக்கு 512 எம்பி என்று பயமுறுத்துவார்கள். அது ஒதுக்கிவைத்த முகவரி மட்டுமே. தொட்ட பக்கங்கள்தான் உண்மையான நினைவகம், சின்ன வேலை செய்யும் திரெட்டுக்குச் சில பத்து கேபி. 'டாப்' காட்டும் விர்ச்சுவல் நெடுவரிசையை விட்டு ஆர்இஎஸ் நெடுவரிசையைப் பாருங்கள்.

இப்போது ஓடுவது கலப்பு. தராசுக்கு ஒரு தனித் திரெட், வரி முறை, கொடி இல்லாமல் நிம்மதியாகத் தூங்கும் ரீட். லோரிகளுக்கு ஈபோல், லெவல் முறை, கீப்அலைவோடு. அக்செப்ட்டுக்குப் பதில் அக்செப்ட்4, ஏனென்றால் லினக்ஸில் கேட்கும் சாக்கெட்டின் நான்பிளாக் கொடி புதுச் சாக்கெட்டுக்குத் தொற்றாது, அந்த அழைப்பிலேயே கொடியை வாங்கிக்கொண்டால் ஒரு அழைப்பு மிச்சம். எழுத ஒன்று, தலைமையகத்துக்கு ஒன்று என இரண்டு திரெட். லோரிகளையும் திரெட்டுக்கே மாற்றியிருக்கலாம், எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. டாப்பில் நிரல் இருப்பதே தெரிவதில்லை.

பெட்டி, பலகை, மாற்றி மூன்றுக்கும் சேர்த்து 560, பிடித்த கூலி 600. இரண்டாவது பலகையை மாற்றுப் பலகையாக ஆலையே எடுத்துக்கொண்டது, பணம்தான் வரவில்லை. விசிறிக்கு வேலை இல்லாமல் போனதால் கிராணி அண்ணன் தன் மேசைக்குக் கேட்டார். யூஎஸ்பி கம்பி ஒட்டிக் கொடுத்தேன். மதிய வெயிலில் அவர் முகத்துக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.